எந்த பாட்காஸ்ட் பேச வைக்கும்? தண்டையார்பேட்டை மாடி வகுப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் மாலை வகுப்பு தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடக்கிறது. ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். தியாகராயா கல்லூரியில் பி.காம். படிக்கும் பையன்கள், பாரதி மகளிர் கல்லூரி மாணவிகள், துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகங்களில் பில் போடும் இரண்டு பேர், பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர். எல்லோருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியும். பரீட்சையில் பாஸாகியும் இருக்கிறார்கள். ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

“மிஸ், இங்கிலீஷ் பேச எந்த பாட்காஸ்ட் கேக்கலாம்?” என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் இதே மாதிரி வகுப்பு எடுக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். இரண்டு வருடமாக ஐந்தாறு வகைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதைக் காரணத்தோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. கேட்பது வேறு, பேசுவது வேறு. புரிகிற அளவில் மொழியைக் காதில் நிறைய வாங்கிக்கொண்டால் போதும், அது தானாக உள்ளே இறங்கிவிடும் என்று 1980களில் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் வாதிட்டார். பாட்காஸ்ட் கேட்கச் சொல்கிற பலரும் அவர் பெயர் தெரியாமலே அவர் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பல வருடம் பிரெஞ்சு வழியில் படித்தார்கள். மெரில் ஸ்வைன் என்ற மொழி ஆய்வாளர் அவர்களைக் கவனித்தார். பிரெஞ்சு நன்றாகப் புரிந்தது. வாயைத் திறந்தால் மட்டும் தடுமாற்றம் விடவில்லை. சொல்லிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தால்தான் மொழி முழுசாக வரும் என்று 1985இல் அவர் எழுதினார். எங்கள் மாடியில் உட்காருகிறவர்களும் பன்னிரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள்தான். இன்னும் நூறு மணி நேரம் கேட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது.

அதனால் எந்த பாட்காஸ்டை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் என் மாணவி பதில் சொல்ல முடியுமா? அப்படி இடம் கொடுக்கிற நிகழ்ச்சி வகுப்புக்கு உதவும். மற்றதெல்லாம் வீட்டில் கேட்பதற்கு.

இதைச் சொல்லும்போது உரையாடல் என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். இலக்கணமும் சொல்வளமும் அதில் ஒரு பங்குதான். சின்னச் சின்ன வேலைகள் சில இருக்கின்றன, அவற்றை யாரும் பாடமாக எடுப்பதில்லை.

ஒன்று, ம் கொட்டுவது. ஆயா கதை சொல்லும்போது நாம் ம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். போனில் பேசும்போதும் “ம்”, “ஆமா”, “அப்டியா”, “அச்சச்சோ” என்று இந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் அந்தப் பக்கம் பேச்சு ஓடும். அதே பிள்ளைகள் ஆங்கிலம் என்றதும் சிலை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிரில் பேசுகிறவர் இவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் “ரியலி?”, “ரைட்”, “ஐ சீ”, “ஓ நோ” எல்லாம் ம் கொட்டுவதுதான். எந்த இடத்தில் எந்த ம் வரும் என்பதைக் காதால்தான் பிடிக்க முடியும். பாட்காஸ்ட் இதற்கு அருமையான கருவி, அதில் இரண்டு பேர் பேசிக்கொண்டால்.

இரண்டாவது, திருப்பிக் கேட்பது. இதுதான் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம். நம் வீடுகளில் பெரியவர் கேட்டால் பதில் சொல்லிவிட்டு நிற்பதுதான் மரியாதை. “காலேஜ் எப்டிப் போவுது?” “நல்லா போவுது.” அதோடு முடிந்தது. திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்று பெயர் வந்துவிடும். இந்தப் பழக்கத்தோடு இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால், “டூ யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ் ஃபார் அஸ்?” என்பதற்கு “நோ சார்” என்றுதான் வாயில் வரும். பிள்ளைக்கு ஆங்கிலம் போதவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் கேள்வி கேட்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, இடைவெளியைச் சமாளிப்பது. பத்து மொழிகளில் மக்கள் பேசுவதை அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். என் மாணவர்களுக்கு மூன்று நான்கு நொடி ஆகிறது, மனசுக்குள் தமிழிலிருந்து மாற்றுகிறார்கள். தமிழில் அந்த நேரத்தை “அது வந்து...” என்று நிரப்பிக்கொள்வோம். ஆங்கிலத்தில் “வெல்...”, “லெட் மீ திங்க்...” என்றால் அதே வேலை நடக்கும். அதையும் கேட்டுத்தான் பழக வேண்டும்.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் லேர்னிங் இங்கிலீஷ் மிகப் பழையது. 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கியது. ஏறக்குறைய 1500 அடிப்படைச் சொற்கள், சின்ன வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்த வாசிப்பு. ஆங்கிலம் கேட்டாலே பயப்படுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் பாரிமுனை அக்கா முதல் முறை ஒரு செய்தியை முழுசாகப் புரிந்துகொண்டது இதில்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் புரியுது மிஸ், எல்லாமே புரியுது” என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் அது பெரும்பாலும் ஒருவர் வாசிப்பது. நிறுத்தினால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. செய்தி வாசிப்பவரிடம் என்ன பதில் சொல்ல முடியும்? அந்த வேகத்தில் யாரும் பேசுவதும் கிடையாது. முதல் ஒன்றிரண்டு மாதம் காதுக்கு மருந்தாக வைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஒலிபரப்பே நிறுத்தப்பட்டது. அதனால் வேண்டிய பழைய பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்திக்கும் இதே கணக்குதான். உச்சரிப்பு தெளிவு, நமக்குப் பழகிய குரல். உரையாடல் என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வகுப்பில் அதிகம் ஓடுவது இதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே அமைப்பு. இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பேசுவார்கள். தொடக்கத்தில் ஒருவர் மற்றவரிடம் மூன்று விடைகளோடு ஒரு கேள்வி கேட்பார். சரியான விடை கடைசியில்தான் வரும். நடுவில் ஆறு சொற்களை விளக்குவார்கள். பேச்சு முழுதும் எழுத்திலும் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அந்தக் கேள்விதான் வகுப்புக்குக் கிடைத்த வரம். மூன்று விடையும் சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுவேன். பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடையைச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். முதல் வாரம் “ஆன்சர் பி மிஸ்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். “என்கிட்ட சொல்லாதீங்க, பக்கத்துல சொல்லுங்க” என்று திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது வாரத்தில் “ஐ திங்க் இட்ஸ் பி, பிகாஸ் எ இஸ் டூ மச். வாட் அபவுட் யூ?” என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள். பதில், ஒரு காரணம், ஒரு கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வாய் மூடலாம் என்பது எங்கள் மாடியின் சட்டம்.

இன்னொரு நல்ல விஷயமும் இருக்கிறது. அந்த எழுத்து வடிவத்தின் தலையிலேயே, இது சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதியது அல்ல என்று பிபிசி போட்டிருக்கும். நான் அதையே பயிற்சியாக மாற்றிக்கொண்டேன். காகிதத்தைக் கையில் கொடுத்து, காகிதத்தில் இல்லாமல் காதில் விழுவதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு “வெல்”, ஒரு “ஹ்ம்ம்”, ஒரு சின்னச் சிரிப்பு. பெரும்பாலும் ம் கொட்டுகிற இடங்கள்தான் அப்படி மாட்டும். பரீட்சைக்குப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தப்புக் கண்டுபிடிப்பது என்றால் உற்சாகம். அந்த உற்சாகத்திலேயே காது கூர்மையாகிவிடுகிறது.

இதன் குறை என்ன? எல்லாம் எழுதி வைத்துப் பேசுவது. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவதில்லை, யாரும் பாதி வாக்கியத்தில் தடுமாறுவதில்லை. விஷயங்களும் லண்டனை வைத்தே சுற்றும். காபி குடிக்கும் பழக்கம், செல்ல நாய், வேலையிடத்து மன அழுத்தம். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் பெண்ணுக்குச் செல்ல நாயைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கும்? சொல்ல ஒன்றும் இல்லாதபோது எந்த மொழியிலும் பேச்சு வராது.

பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் பாட்காஸ்டில் டெஸ், ரவி என்று இரண்டு பேர் வரும் பழைய தொடக்கநிலைத் தொடர் இருக்கிறது. அதன் பகுதிகள் பிபிசி நிகழ்ச்சியைவிட நீளம், ஆனால் மொழி எளிது. அன்றாட வாழ்க்கையில் வரும் சின்ன உரையாடல்கள் கிடைக்கும். முழுசாகப் போட வேண்டாம். ஓர் உரையாடலை மட்டும் வெட்டி எடுத்து, ஒருவரின் பங்கை மௌனமாக்கி, அந்த இடத்தில் மாணவரைப் பேச வைக்கலாம். புதிதாக வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் போடுகிறேன்.

அடுத்தது, ஆங்கிலம் கற்கிறவர்களுக்காகவே பேசினாலும் எழுதிவைக்காமல் பேசுகிற பாட்காஸ்டுகள். லூக் தாம்ப்சன் என்ற ஆங்கில ஆசிரியர் 2009 முதல் நடத்தும் லூக்ஸ் இங்கிலீஷ் பாட்காஸ்ட், அமெரிக்காவிலிருந்து வரும் ஆல் இயர்ஸ் இங்கிலீஷ் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். லூக்கின் நிகழ்ச்சிகள் பல ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நிஜமான பேச்சு, நிஜமான தடுமாற்றம், ஒருவர் மேல் ஒருவர் பேசுவது எல்லாம் இருக்கும். வகுப்பில் ஒரு நிகழ்ச்சியை முழுசாகப் போட முடியாது. இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து மூன்று தடவை கேட்பதுதான் வழி.

அந்தத் துண்டில் முதலில் மாட்டுவது வேகம். “அவங்க முழுங்குறாங்க மிஸ்” என்றான் ஒரு தம்பி. நான் அவனையே கேட்டேன்: “நீ வந்துகொண்டிருக்கிறேன்னு வீட்ல சொல்லுவியா?” “இல்ல, வந்துனுகீறேன்னு சொல்லுவேன்.” “அப்போ நீ முழுங்கலையா?” எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். “வாட் ஆர் யூ கோயிங் டு டூ” என்பது “வாடயா கொனடூ” என்று ஒரே மூச்சில் வருவதும், “இருக்கிறது” என்பது “கீது” ஆவதும் ஒரே வேலைதான் என்று புரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. வடசென்னைத் தமிழைக் கொச்சை என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளைகளைக் கூச வைத்திருக்கிறார்கள். சொற்கள் எப்படிச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் என்பது இவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்கும் தெரியாது. அந்த அறிவை ஆங்கிலத்துக்கும் எடுத்துப் போகலாம் என்று ஒருவர் சொன்னால் போதும்.

இந்தியக் குரல்களையும் விட்டுவிடக் கூடாது. இங்கே வேலைக்குப் போகிறவர்கள் பேசப்போவது பெரும்பாலும் பெங்களூருக்காரரிடமும் மும்பைக்காரரிடமும்தான், லண்டன்காரரிடம் எப்போதாவதுதான். தி இந்து நாளிதழின் இன் ஃபோகஸ் பாட்காஸ்டில் ஒருவர் கேள்வி கேட்க, விஷயம் தெரிந்தவர் பதில் சொல்வார். விஷயம் கனமாக இருக்கும், சொற்களும் கடினம். ஆனால் கேட்கிறவர் எப்படிப் பணிவு குறையாமல் அடுத்த கேள்விக்குப் போகிறார் என்பதை அதில் அழகாகக் காட்டலாம். பதிலை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். கடைசி வருட மாணவர்களுக்கு மட்டும் அதைப் போடுகிறேன்.

பாட்காஸ்ட் இல்லாத வழிகளையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பணம் கட்டிப் படித்த மாணவி ஒருத்தி எங்களிடம் வந்தாள். “மைசெல்ஃப்” என்று தொடங்கும் சுய அறிமுகம் ஒரு பக்கம் மனப்பாடமாக இருந்தது. நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவளை யாரும் பேசவே விடவில்லை. போனில் குரலால் பேசும் ஏஐ செயலிகள் இப்போது வந்துவிட்டன. கூச்சம் அதிகம் உள்ளவர்கள் தனியாகப் பழக அவை உதவுகின்றன, நானே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முகம் சுளிக்கத் தெரியாது, அவசரம் கிடையாது, என்ன சொன்னாலும் புரிந்துகொண்டுவிடும். மனிதர்களிடம் பேசும்போது வரும் சிக்கல் அதனிடம் வராது, அந்தச் சிக்கலைச் சமாளிக்கப் பழகவும் முடியாது. யூடியூப் வீடியோவில் படம் கண்ணை இழுத்துக்கொள்கிறது, காது ஓய்வெடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கிறது, தம்பியும் அதில்தான் படிக்கிறான் என்ற நிலையில் அளவும் முக்கியம். சாதாரணத் தரத்தில் ஆறு நிமிட ஒலி ஆறு எம்பிக்குள் முடிந்துவிடும். காலையில் இறக்கி வைத்துக்கொண்டால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் மூன்று தடவை கேட்டுவிடலாம். சுரங்கத்துக்குள் சிக்னல் போனாலும் கவலையில்லை.

இப்போது நான் கடைசியாக வந்து சேர்ந்த வழி. மாணவர்களே பதிவு செய்கிற பாட்காஸ்ட்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். போனில் இருக்கிற ரெக்கார்டர் போதும். இரண்டு பேர், நான்கு நிமிடம், ஒரு விஷயம். ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாத விஷயமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. மாடியில் சத்தம் இருக்கும். சரக்கு ரயில் போகும், பக்கத்துத் தெருவில் கோயில் மைக் கட்டியிருப்பார்கள். அதனால் மாடிப்படிக்குக் கீழே, சாக்கு மூட்டை அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து பதிவு செய்கிறோம். சாக்கு எதிரொலியை வாங்கிக்கொள்கிறது.

ஒரு பதிவை அப்படியே சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து வருகிற தம்பி ஒருவன். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். எதிரில் பெரம்பூர்ப் பெண். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அவன் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

“சிக்ஸ்டி ஒன் டேஸ், நோ போட்.”

“ஒய் நோ போட்?”

“ஃபிஷ்... எக்.”

“வாட் எக்?”

“ஃபிஷ் கிவிங் எக். தட் டைம் நோ கேட்ச்.”

“ஓ! லேயிங் எக்ஸ்! ஸோ, தே ஆர் நாட் அலவ்ட் டு கோ?”

“எஸ், எஸ். நாட் அலவ்ட்.”

“தென் ஹவ் டூ யூ... ஐ மீன், மனி?”

இங்கே ஐந்து நொடி சத்தமே இல்லை. பிறகு அவன் சொன்னான்: “மை ஃபாதர் ரிப்பேர் நெட். கவர்மென்ட் கிவ் சம் மனி. நாட் எனஃப்.” அவள், “ஓ,” என்று மட்டும் சொன்னாள். அந்த “ஓ” எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. அவளுக்கு நிஜமாகவே தெரியாது, தெரிந்ததும் நிஜமாகவே மனசில் பட்டது.

இரண்டு பேர் புரியாமல் நின்று, கேட்டு, திருத்தி, மறுபடி சொல்லி ஒரு பொருளுக்கு வந்து சேரும்போதுதான் மொழி ஒட்டுகிறது என்று மொழி ஆய்வாளர் மைக்கேல் லாங் 1980களிலிருந்து எழுதிவந்தார். அந்த நான்கு நிமிடத்தில் அதுதான் நடந்தது. “கிவிங்” என்பதை “லேயிங்” என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். நான் வாயே திறக்கவில்லை. பிபிசியின் இரண்டு பேர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவர்களிடம் “சாரி, வாட் டு யூ மீன்?” என்று கேட்டால் பதில் வராது.

பதிவு முடிந்ததும் இருவரும் கேட்டார்கள். “ஐயோ, நான் ஃபாதர் ரிப்பேர்னு சொல்றேன் மிஸ், ரிப்பேர்ஸ்னு வரணும்” என்று அவனே பிடித்தான். பிறகு வேறு ஆளோடு மூன்று நிமிடத்தில் அதையே சொன்னான், மூன்றாவது ஆளோடு இரண்டு நிமிடத்தில். மொழி ஆசிரியர்கள் இதை 4/3/2 என்பார்கள். மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். விஷயம் அதேதான், நேரம் மட்டும் குறையும், அதனால் யோசிக்கிற நேரம் சுருங்கிப் பேச்சு சரளமாகும். மூன்றாவது தடவை அந்தத் தம்பி “வெல், யூ நோ, டியூரிங் தி பேன்...” என்று தொடங்கினான். “வெல்” பிபிசியிலிருந்து வந்தது. தடை என்பதற்கான “பேன்” பெரம்பூர்ப் பெண் இணையத்தில் பார்த்துச் சொல்லிக் கொடுத்தது.

இதிலும் குறை இருக்கிறது. மாணவர்கள் ஒருவர் தப்பை ஒருவர் பழகிக்கொள்ளக்கூடும். நல்ல மாதிரி ஒன்றைக் காதில் வாங்காமல் இதை மட்டும் செய்தால் பத்து வாரம் கழித்தும் “கிவிங் எக்” என்றே இருப்பார்கள். ஆசிரியருக்கும் வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் எல்லாப் பதிவையும் கேட்கிறேன். இன்னொன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். இந்தப் பதிவுகளைப் பொதுவில் ஏற்றுவதில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவோடு சரி, அதுவும் பேசினவர்கள் இருவரும் சரி என்று சொன்னால்தான். பிள்ளைகளின் குரலும் வீட்டுக் கதையும் அதில் இருக்கிறது.

என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். வகுப்பில் எல்லோருமே புதியவர்கள் என்றால் முதல் மாதம் டெஸ், ரவி; வீட்டில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பழைய பதிவுகள். கல்லூரிப் பிள்ளைகள் என்றால் நேராக சிக்ஸ் மினிட் இங்கிலீஷ், வாரத்துக்கு ஒன்று போதும், ஒன்றையே மூன்று நாள் பிழியலாம். லூக்கும் இன் ஃபோகஸும் துண்டு துண்டாக, மாதத்துக்கு ஒரு தடவை. எந்த நிலையில் இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் சொந்தப் பதிவு. நேரம் குறைவு, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் சொந்தப் பதிவைத்தான் வைத்துக்கொள்வேன். பிபிசியை அவர்கள் மெட்ரோவில் கேட்டுக்கொள்வார்கள், எதிரில் உட்கார்ந்து “தென் ஹவ் டூ யூ...” என்று கேட்க ஓர் ஆள் மெட்ரோவில் கிடைக்க மாட்டார்.

ஆசிரியர் தனி ஆளாக முப்பது பேரைச் சமாளிக்கிற வகுப்பில் இது நடக்காது என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயம்தான். அங்கே பதினைந்து ஜோடி பதிவு செய்யட்டும், ஆசிரியர் வாரம் மூன்று பதிவை மட்டும் கேட்டால் போதும் என்பது என் யோசனை. அவர் இன்னும் செய்து பார்க்கவில்லை.

வருகிற ஞாயிறு பெரம்பூர்ப் பெண்ணின் முறை. அவள் தாத்தா இன்டக்ரல் கோச் ஃபேக்டரியில் வெல்டராக இருந்தவர். 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் ஒரு ரயில் பெட்டி எப்படி உருவாகிறது என்று அவள் சொல்ல வேண்டும். தாத்தாவிடம் கேட்டுத் தமிழில் இரண்டு பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறாள். கேள்வி கேட்கப் போவது காசிமேட்டுத் தம்பி. பதிவுக்கு முன்னால் கேள்விகளை அவளிடம் காட்டக் கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.